மில்லியும் ஏழே முக்கால் லிட்டரும்

மார்ச் பதினேழாம் நாள், வியாழக்கிழமை. வானம் மூடிக் கிடந்தது. ஆனால் மழைக்கான அறிகுறி இல்லை. காற்று பெயருக்குக்கூட இல்லாமையால், துறையில் நீர் தட்டில் ஊற்றி வைத்ததுபோல் அசையாமல் நின்றது. காலை ஆறு மணிக்குப் படகுத்துறைப் பலகையில் மில்லி வந்து நின்றாள். தோளில் ஒரு துணிப்பை. கையில் புதிய எஞ்சின் ஆயில் டப்பா. பத்து மணிக்கு ஐஸ் கம்பெனிக்காரர் படகை வாங்க வருவதாகப் பேச்சு. அதற்குள் இந்த எஞ்சினுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பதை அவள் காட்டியாக வேண்டும். காட்டிவிட்டால் படகு வீட்டோடு தங்கும். முடியாவிட்டால் மதியத்திற்குள் அது வேறொருவருடைய ஐஸ் கட்டிகளைச் சுமக்கத் தொடங்கிவிடும்.

மில்லி என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. ஒரு சிறிய மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகள் கம்பவுண்டராக இருந்தவள் அவள். மருந்துப் புட்டியைக் கொடுக்கும்போது, "ஒரு மூடி ஊத்திக் குடிங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "அஞ்சு மில்லி. நாலும் இல்ல, ஆறும் இல்ல" என்பாள். அளவுக் குவளையைக் கையில் தூக்கிப் பார்க்க மாட்டாள். மேசைமேல் வைத்துவிட்டுத் தானே குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்ப்பாள். டாக்டர் ஓய்வு பெற்று மருத்துவமனையை மூடினார்; அவளுடைய பட்டப்பெயரை மட்டும் யாராலும் மூட முடியவில்லை. "எங்க வீட்டுல அழுதாலும் மில்லி கணக்குலதான் அழணும்" என்று கணவர் பயணிகளிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவர் முப்பது ஆண்டுகளாக அக்கரைக்கும் இக்கரைக்கும் பயணிகளை ஏற்றிச் செல்பவர். மருத்துவமனை மூடப்பட்ட மறுவாரமே மில்லி அவருடைய படகில் ஏறினாள். கயிறு கட்டினாள், டிக்கெட் கிழித்தாள், இரண்டாம் ஆண்டில் சுக்கான் பிடிக்கக் கற்றாள், சென்ற ஆண்டு தேர்வெழுதிப் படகோட்டும் உரிமமும் வாங்கினாள். உரிமம் வீட்டில் அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது. சுக்கான் கணவரின் கையில் பத்திரமாக இருந்தது.

நான்கு மாதங்களுக்குமுன் நங்கூரத்தைத் தூக்கியபோது கணவரின் முதுகெலும்பு விலகிற்று. குனியக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கூலிக்கு ஓர் ஓட்டுநரை அமர்த்தினார்கள். பிறகு எஞ்சின் நீலப்புகை கக்கத் தொடங்கியது. கூலி ஓட்டுநர் ஒரு வாரம் இருமிப் பார்த்துவிட்டு வேறு படகுக்குப் போய்விட்டார். படகைக் கரையேற்றி மெக்கானிக்கை அழைத்துவந்து காட்டினார்கள். காதை வைத்தே எஞ்சினின் நோயைச் சொல்லிவிடுவதால் அந்த மெக்கானிக்கிற்குச் 'செவிக்காரர்' என்று பெயர். அவர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. எஞ்சினை ஓட்டச் சொல்லிக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"பிஸ்டன் ரிங்கு போச்சு. ஆயிலக் குடிக்குது. இறக்கிப் பிரிச்சா ரெண்டு மாசம் ஆகும், அதுக்கப்புறமும் நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன்."

"ஆயில மாத்திப் பாத்தா என்னண்ணே?" என்று மில்லி கேட்டாள்.

"செத்தவனுக்குச் சட்டைய மாத்தி என்னக்கா ஆகப்போகுது?"

படகை மீண்டும் நீரில் இறக்கிக் கட்டினார்கள். மூன்று வாரம் அது சும்மா கிடந்தது. கணவரின் தம்பி ஊரெல்லாம் விசாரித்து ஐஸ் கம்பெனிக்காரரைப் பிடித்து வந்தார். புதன்கிழமை மாலை வீட்டில் பேச்சு நடந்தது.

"படகோட கட்டை நல்லா இருக்கு, அதுக்காகத்தான் வாங்குறாரு" என்றார் தம்பி. "எஞ்சின அவரு தூக்கிப் போட்டுடுவாரு."

"நான் ஓட்டுறேன்னு சொல்றேன்ல, தம்பி."

"ஓட்டுறது பெரிசில்ல அண்ணி. எஞ்சினப் பாத்துக்கத் தெரியணும். நடு ஆத்துல நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க? மருந்துச் சீட்டு எழுதிக் குடுப்பீங்களா?"

கணவர் சிரித்துவிட்டார், சிரித்ததற்காக உடனே வருந்தியதும் முகத்தில் தெரிந்தது. மில்லி எஞ்சினோடு வந்த கையேட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். நூறு மணி நேரத்திற்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று அதில் இருந்தது. நாட்காட்டியில் அவள் குறித்துவந்த கணக்கின்படி நூற்று நாற்பது மணி ஓடிவிட்டது.

"டாக்டர் என்ன சொல்லுவாரு தெரியுமா? நாடி பாக்காம சாவு சொல்லாதேன்னு. நாளைக்குக் காலைல ஆயில் மாத்துறேன். அதுக்கப்புறமும் புகைஞ்சா குடுத்துடுங்க, நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

"நாளைக்கா? சனிக்கிழமை வரைக்கும் கரையேத்துற சரிவுல வேற படகு நிக்குது, பெயிண்ட் அடிக்கிறாங்க. கரையேத்தாம எப்படி மாத்துவ?"

"தண்ணியிலயே."

"தண்ணியில யாரும் மாத்த மாட்டாங்க."

"மாத்தக் கூடாதுன்னு புத்தகத்துல எங்க போட்டிருக்கு?"

கணவர் புத்தகத்தைப் புரட்டினார். போட்டிருக்கவில்லை. "பத்து மணிக்கு அவரு வராரு. அதுக்குள்ள நீ என்ன வேணா பண்ணிக்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்படித்தான் வியாழன் காலை விடிந்தது.

மில்லி படகில் இறங்கி, நடுவில் இருந்த மரப்பெட்டியின் மூடியைத் தூக்கினாள். எஞ்சின் இருட்டில் ஒண்டிக் கிடந்தது. சாலையில் ஓடும் வண்டி என்றால் அடியில் பாத்திரம் வைத்துத் திருகைக் கழற்றிவிடலாம்; படகிலோ எஞ்சினுக்கு அடியில் உள்ளங்கை நுழையும் இடம்கூட இல்லை. ஆயிலை மேலிருந்துதான் உறிஞ்சி எடுக்க வேண்டும். முதல் வேலையாக, படகின் அடிக்குழியில் தேங்கும் நீரை வெளியே இறைக்கும் மோட்டாரின் சுவிட்சை அணைத்தாள். ஒரு சொட்டு ஆயில் தவறி விழுந்தாலும் அது நீரோடு ஆற்றுக்குப் போய்விடக் கூடாது. பிறகு பழைய போர்வைத் துண்டுகளை எஞ்சினைச் சுற்றி அடைத்தாள்.

அளவுக்கம்பியை உருவித் துடைத்து மறுபடி செருகி எடுத்தாள். கம்பியின் நுனியருகே இரண்டு கோடுகள் உண்டு. ஆயில் அவ்விரண்டிற்கும் நடுவே இருக்க வேண்டும். இருந்ததோ, மேல்கோட்டையும் தாண்டி மூன்று விரற்கடை உயரத்தில்.

"தண்ணியில படகு ஆடும். கம்பியில ஆயில் மேல வரைக்கும் பூசிக்கும். அதனாலதான் கரையில வச்சுப் பாக்கச் சொல்றது" என்று மேலிருந்து குரல் வந்தது. கணவர் முதுகுப்பட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, கவிழ்த்து வைத்த பெட்டி ஒன்றின்மேல் வந்து உட்கார்ந்திருந்தார்.

மில்லி நீரைப் பார்த்தாள். அது ஆடவில்லை. கம்பியை மீண்டும் துடைத்துச் செருகினாள். அதே மூன்று விரற்கடை. மூன்றாம் முறையும் அதுவே. அளக்காமல் பேசுவது அவளுக்கு வழக்கமில்லை.

எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓட்டினாள். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும், பம்புக்கு வராது. சூடேறினால் இளகி வரும். புகை பலகைமேல் பரவியது. கணவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எஞ்சினை நிறுத்தி, ஆயில் அடியில் வந்து சேரும்வரை காத்திருந்தாள். பிறகு கம்பி இருந்த துளைக்குள் மெல்லிய குழாயை அடிதட்டும்வரை இறக்கி, கைப்பம்பை இழுத்தாள். கருநிற ஆயில் குழாய் வழியே ஏறி, அவள் மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்த ஒரு லிட்டர் அளவுக் குவளையில் விழுந்தது. குவளை நிறையும்போதெல்லாம் காலி டப்பாவில் ஊற்றிவிட்டு, மரப்பெட்டி மூடியில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டாள்.

"வெளிய போற ஆயில எதுக்குடி அளக்குற? அதுக்கும் மூணு வேளைன்னு சீட்டு ஒட்டப்போறியா?"

"உள்ள போனது எவ்வளவுன்னு வெளிய வரதுதான் சொல்லும்."

கையேட்டின்படி அந்த எஞ்சின் ஃபில்டரையும் சேர்த்து ஐந்தரை லிட்டர் கொள்ளும். ஐந்து கோடுகள் விழுந்தன. பம்பு காற்றை இழுத்துக் கொறகொறக்க வேண்டிய நேரம் அது. கொறகொறக்கவில்லை. ஆறாம் கோடு விழுந்தது. டப்பா நிரம்பிவிட்டது, அடிக்குழி நீரை மொள்ளும் வாளியை இழுத்து வைத்துக்கொண்டாள். ஏழாம் கோடு விழுந்தபோது கணவர் எழுந்து நின்றார். அதற்குப்பின் அரைக் குவளைக்குச் சற்றுக் குறைவாக வந்த பிறகே பம்பு கொறகொறத்தது.

"தண்ணி கலந்திருக்கும்" என்றார் அவர், குரல் இறங்கி.

"தண்ணி கலந்தா பால் மாதிரி வெளுத்திருக்கும். பாருங்க, கருகருன்னு இருக்கு."

"டீசல் இறங்கியிருக்கும்."

மில்லி இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு சொட்டைத் தேய்த்து முகர்ந்தாள். "வாடை இல்ல. பிசுபிசுப்பும் போகல. இது ஆயில்தான்."

எஞ்சினுக்கு ஆயில் ஊற்றுபவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இப்போது பெட்டியின்மேல் மீண்டும் உட்கார்ந்துவிட்டார்.

ஃபில்டர் ஒரு தகர உருளை; எஞ்சினின் பக்கத்தில் திருகப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு திருகினாள். அசையவில்லை. உப்புத்தாளைச் சுற்றித் திருகினாள். வழுக்கியது. மணி எட்டைத் தாண்டியிருந்தது. இடது கையைப் பெட்டியின் ஓரத்தில் ஊன்றி, முழு உடம்பையும் கொடுத்துத் திருகினாள். விரல்முட்டியில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"ஏங்க, உங்க பெல்ட்டக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"அடிக்கிறதுக்கு இல்ல. கழட்டுங்க."

அவர் கழற்றி நீட்டினார். "கால்சட்ட நழுவுச்சுன்னா ஐஸ்காரர் முன்னாடி உன் மானந்தான் போகும்."

"உக்காந்தே இருங்க, நழுவாது."

பெல்ட்டை உருளைக்கு இருசுற்றுச் சுற்றி, திருப்புளி ஒன்றை மடிப்பில் செருகி முறுக்கினாள். ஒருமுறை முனகி, மறுமுறை விட்டுக்கொடுத்தது. பையோடு ஃபில்டர் கையில் வந்தது. அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டாள். பழையது ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியதைத் திருகினால் ஒழுகும். பழைய ஃபில்டரில் இருந்ததையும் குவளையில் கவிழ்த்தாள். எல்லாம் சேர்ந்து ஏழே முக்கால் லிட்டர். இரண்டேகால் லிட்டர் மிகை.

"முப்பது வருஷம்" என்றார் கணவர். "முப்பது வருஷமா நான்தான் கம்பி பாக்குறேன். ஒரு தடவ தப்பினதில்ல. முதுகு போனப்புறமும் விடாம, போன ரெண்டு தடவையும் கரையேத்தி நிறுத்தி நானே பாத்தேன், கம்பி நுனியிலதான் ஆயில் இருந்துச்சு. மேல்கோடு வர வரைக்கும் ஊத்தினேன். அது தப்பா?"

மில்லி சுண்ணக்கட்டிக் கோடுகளை மறுபடி எண்ணிப் பார்த்தாள். அவரும் பொய் சொல்லவில்லை; குவளையும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் பொய் சொன்னது வேறொன்று. செவிக்காரர் பார்த்தபோதும் அளவு சரியாகத்தான் இருந்தது. அவரும் கரையில் வைத்துத்தான் பார்த்தார். இன்று மட்டுமே, முதன்முதலாக, நீரில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் தலையை உயர்த்திக் கரையைப் பார்த்தாள். பெயிண்ட் அடிக்கும் படகு சிமெண்டுச் சரிவில், மூக்கை வானத்திற்குத் தூக்கியவாறு நின்றுகொண்டிருந்தது.

முன்பெல்லாம் அப்படியில்லை. படகுகளைச் சரிவில் இழுத்து மேலே கொண்டுபோய்ச் சமதரையில் நிறுத்துவார்கள். சென்ற ஆண்டு அந்தச் சமதரையில் ஒரு சரக்குக் கிடங்கு எழும்பிவிட்டது. அதுமுதல் படகுகள் சரிவிலேயே நிற்கின்றன. கணவர் அதைப்பற்றிப் புலம்பாத நாளில்லை. ஆனால் அவருடைய புலம்பல் ஏணி வைக்க இடமில்லையே என்பதோடு நின்றுவிட்டது.

மில்லி பையிலிருந்து சிறிய மருந்துக் குவளையை எடுத்தாள். அதில் பாதிக்கு நீர் ஊற்றிப் பலகையில், அவர் காலடியில் வைத்தாள்.

"எவ்வளவு இருக்கு?"

"அம்பது."

குவளையின் ஒரு பக்கத்திற்கு அடியில் சுண்ணக்கட்டியைச் செருகிச் சாய்த்தாள். "இப்ப, தூக்கி நிக்கிற பக்கத்துல பாருங்க."

"முப்பத்தஞ்சு."

"எதிர்ப்பக்கம்?"

"அறுபத்தஞ்சு." சொல்லிவிட்டு அவர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நம்ம எஞ்சினுக்குக் கம்பி எந்தப் பக்கம்?"

"மூக்குப் பக்கம்."

ஆயில் பின்புறம் வழிந்துபோய் நிற்க, முன்புறக் கம்பி குறைவு என்று சொல்லியிருக்கிறது. குறைவு என்று அவர் ஊற்றியிருக்கிறார். படகு நீரில் இறங்கிச் சமமானதும், மிகுந்துபோன ஆயிலை எஞ்சின் தயிரைப்போலக் கடைந்து நுரையாக்கிப் புகையாகக் கக்கியிருக்கிறது.

"அளவுக்கு மிஞ்சினா அமுதமும் நஞ்சுன்னு சும்மாவா சொன்னாங்க" என்று முணுமுணுத்தார் கணவர்.

"இன்னும் எதுவும் முடிவாகல" என்றாள் மில்லி. "ரிங்கும் சேந்தே போயிருக்கலாம். ஓட்டிப் பாக்கணும்."

புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, கையால் இறுகும்வரை திருகி, அதற்குமேல் முக்கால் சுற்றுக் கொடுத்தாள். ஐந்தரை லிட்டரை அளந்து ஊற்றினாள். ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தினாள், ஃபில்டரைச் சுற்றி விரலால் தடவினாள், கசிவு இல்லை. சற்றுப் பொறுத்துக் கம்பியை உருவினாள். ஆயில் மேல்கோட்டிற்கு ஒரு மயிரிழை கீழே நின்றது.

கயிறுகளை இறுகக் கட்டியபடியே கியர் போட்டு எஞ்சினை ஓட்டினாள். மணி ஒன்பதே கால்.

புகை வந்தது. முன்போலவே நீலப்புகை. கணவர் கண்ணை மூடிக்கொண்டார். மில்லி புகைக்குழாய்க்குப் பின்னால் ஒரு வெள்ளைத்துணியைப் பிடித்தாள். துணியில் கரும்புள்ளிகள் விழுந்தன. துணியை மடித்து வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

ஒன்பதரைக்கே கரையில் மூவர் தோன்றினார்கள். முன்னால் தம்பி; பின்னால் ஐஸ் கம்பெனிக்காரர்; அவருக்குப் பின்னால் செவிக்காரர். சுண்ணக்கட்டிக் கோடுகளையும் வாளியையும் புகையையும் தம்பி ஒரே பார்வையில் பார்த்தார்.

"என்ன அண்ணி, நோயாளி எழுந்து உக்காந்துட்டாரா?"

"ஆயில் ரெண்டேகால் லிட்டர் அதிகம் இருந்துச்சு தம்பி. சரிவுல வச்சுப் பாத்ததால வந்த கோளாறு. சரிவு கோணல், அளவும் கோணல்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"கூடம் கோணல்தான். போய்ப் பாத்துட்டு வாங்க."

ஐஸ் கம்பெனிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இப்பவும் புகையுதேம்மா."

"குழாய்ல ஒட்டியிருக்கிற பழைய ஆயில் எரிஞ்சு முடியணுங்க. நீங்க பத்து மணின்னுதானே சொன்னீங்க. பத்து மணிக்குப் பேசலாம்."

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பத்துன்னா பத்து. நில்லுடா" என்றார் கணவர். காலையிலிருந்து அவர் உரக்கப் பேசியது அப்போதுதான்.

நின்றார்கள். எஞ்சின் ஓடியது. ஒன்பது நாற்பதுக்கு மில்லி இரண்டாம் துணியைப் பிடித்தாள், புள்ளிகள் குறைந்திருந்தன. ஒன்பது ஐம்பதுக்குப் புகையின் நிறம் வெளுத்தது. கசங்கிய நூல்போல் மெலிந்தது. ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் குழாய்வாயில் வெப்பத்தில் காற்று நடுங்குவது தெரிந்ததே தவிர, வேறொன்றும் தெரியவில்லை. மூன்றாம் துணியை இரண்டு நிமிடம் பிடித்து, விரித்து, பலகையில் வைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

செவிக்காரர் படகில் இறங்கினார். எஞ்சின்மேல் ஒரு கட்டையை ஊன்றி, அதன் மறுமுனையில் காதை வைத்தார். நெடுநேரம் கேட்டார். பிறகு கம்பியை உருவிப் பார்த்தார். கரையில் மூக்கைத் தூக்கி நின்ற படகைப் பார்த்தார்.

"நானும் அங்க வச்சுத்தான் பாத்தேன்" என்றார். "அக்கா, இதே எஞ்சின் இன்னும் ரெண்டு படகுல இருக்கு. ரெண்டும் புகையுது. ஒண்ணப் பிரிக்கச் சொல்லிட்டேன்."

"பிரிச்சாச்சா?"

"திங்கக்கெழம பிரிக்கிறதா இருந்தேன்."

"அப்ப நேரம் இருக்கு. போய்த் தண்ணியில வச்சுப் பாருங்க."

தம்பி தலையைச் சொறிந்தார். "அதிகமா ஊத்தினது யாரு?"

மில்லி ஃபில்டரைப் பையில் சுற்றிக்கொண்டிருந்தாள்; கேட்காததுபோல் இருந்தாள். கணவர் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான்தான். முப்பது வருஷப் பழக்கம். தரை மாறினத என் பழக்கம் பாக்கல."

யாரும் சிரிக்கவில்லை. மில்லி பெல்ட்டைத் துடைத்து அவரிடம் நீட்டினாள். அதில் ஆயில் கறை போகவில்லை. அவர் அதை அப்படியே கட்டிக்கொண்டார்.

ஐஸ் கம்பெனிக்காரர் கெட்டவரல்லர். வந்த காரியம் கைகூடவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. ஆயினும் அவர் வியாபாரி. பாதியில் விட்ட பேச்சை முழுதாக முடித்துவிட்டுப் போவதே அவர் இயல்பு. வெள்ளைத்துணியைக் காலால் தொடாமல் சுற்றிக்கொண்டு வந்து, மில்லிக்கு எதிரே நின்றார்.

"எஞ்சின் நல்லாயிருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா உங்க ஆளு போயிட்டான். இவருக்கு முதுகு இப்படி. நாளைக்குக் காலைல முதல் டிரிப்ப யாரும்மா ஓட்டுறது?"

மில்லி அணைத்து வைத்திருந்த மோட்டார் சுவிட்சைத் திரும்பப் போட்டாள், அடிக்குழி காய்ந்திருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தாள், பிறகு நிமிர்ந்தாள்.

"நான்தாங்க."